பெருமழையை ஆராய எதை எடுப்பது: மழைமானியா, ரேடாரா, செயற்கைக்கோளா?

ஐப்பசி பிறந்தால் போதும், ஒரே கேள்வி பல உருவில் என்னிடம் வரத் தொடங்கிவிடும். பெருமழை பற்றி ஆய்வு செய்யப் போகிறேன், மழைமானிக் கணக்கை எடுப்பதா, ரேடார் தரவைத் தேடிப் போவதா, செயற்கைக்கோள் தரவு இலவசமாகவே கிடைக்கிறதே, அது போதாதா? கேட்பவர்களில் பொறியியல் மாணவர்கள் உண்டு, புவியியல் படிப்பவர்கள் உண்டு. தங்கள் தெரு மட்டும் ஏன் மூழ்கியது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களும் உண்டு. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு மழையை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. நுங்கம்பாக்கத்திலிருந்து தாம்பரம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 20 கி.மீ. தான். அதற்குள் 20 செ.மீ. வித்தியாசம். நடுவில் இருந்த ஊர்களில் எவ்வளவு பெய்தது? எந்த மணியில் கொட்டியது? அடையாற்றுக்கு வந்த தண்ணீர் எந்தப் பக்கத்து மழை? உங்கள் ஆய்வு இதில் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தத் தரவு என்பது முடிவாகும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். தரையில் விழுந்த அளவை எவ்வளவு நம்பிச் சொல்கிறது? இடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது? நேரத்தை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது? எத்தனை ஆண்டுக் கணக்கு இருக்கிறது? கையில் கிடைத்துச் சுத்தம் செய்து முடிக்க எவ்வளவு நாளும் உழைப்பும் ஆகும்?

பெருமழை என்று வரும்போது ஆறாவதாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மழையின் உச்சத்தில் அந்தக் கருவி தாக்குப்பிடிக்குமா? சாதாரண மழையில் நன்றாக வேலை செய்கிற மூன்றுமே உச்சத்தில் ஒவ்வொரு விதமாகத் தடுமாறும். நமக்கு வேண்டியதோ அந்த உச்சம்தான்.

## மழைமானி

இன்றைக்கும் ‘எவ்வளவு பெய்தது’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். வானிலைத் துறையின் வகைப்பாடே இதை வைத்துத்தான்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அதி கனமழை. நீண்ட காலக் கணக்கிலும் இதை மிஞ்ச ஆள் இல்லை. மழைமானிகளை வைத்து வானிலைத் துறை உருவாக்கிய கால் டிகிரிக் கட்டத் தரவு (நாட்டைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் அளவு தருவது) 1901 முதல் நாள்வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. ‘பெருமழை நாட்கள் கூடியிருக்கின்றனவா’ என்று கேட்பவருக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் கட்டத் தரவில் அக்கம்பக்கத்து நிலையங்களின் அளவைக் கலந்து பரப்பிவிடுவதால் உச்சம் மழுங்கும். தாம்பரத்தின் 49 செ.மீ.யை அதில் தேடினால் கிடைக்காது. உச்சம் வேண்டுமென்றால் நிலையத்தின் மூலக் கணக்குக்கே போக வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். வழக்கமான மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. அப்படிப்பட்ட 50 மானிகளின் வாயையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர்தான் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், இரண்டு மானிகளுக்கு நடுவே கோடு இழுத்து ‘இங்கே இவ்வளவு பெய்திருக்கும்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

தானியங்கி மானிகளில் ஒரு சிறிய சாய்வுக் கிண்ணம் இருக்கும். 0.2 மி.மீ. மழைக்கு ஒரு முறை கவிழ்கிற வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் அது மணிக்கு 500 முறை, அதாவது ஏழு விநாடிக்கு ஒரு முறை கவிழ வேண்டும். கவிழ்கிற அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. மழை வேகம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். புயல் காற்று வேறு துளிகளை மானியின் வாய்க்கு மேலேயே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே பெருமழையில் மானி சொல்வது பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ஆள் போய் அளக்கிற மானியிலும் சிக்கல் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. 200 சதுர செ.மீ. வாய்க்கு அது 19 லிட்டர் தண்ணீர். 4 லிட்டர் பாட்டில் வைத்திருந்தால் 20 செ.மீ. மழையிலேயே நிறைந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் யாராவது இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் அவ்வப்போது அளந்து ஊற்றினால்தான் கணக்கு தப்பிப் பிழைக்கும். நாம் ஒரு வரியில் மேற்கோள் காட்டும் எண்களுக்குப் பின்னால் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன.

அப்புறம் தேதிக் குழப்பம். காலை 8.30-க்கு அளக்கிற மழை அந்தத் தேதியில் எழுதப்படும். டிசம்பர் 2 என்று பதிவாகியிருக்கும் தாம்பரம் மழையில் பெரும்பங்கு டிசம்பர் 1 அன்று பெய்தது. இதைக் கவனிக்காமல் ஆற்று வெள்ளக் கணக்கோடு ஒப்பிட்டால் மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோல் தெரியும்.

## வானிலை ரேடார்

மழை எப்படி வந்தது என்பதைக் காட்டுவது ரேடார். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. இப்போது பள்ளிக்கரணையில் எக்ஸ்-பேண்ட் ரேடார் ஒன்றும், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் தெற்கே காரைக்காலிலும் எஸ்-பேண்ட் ரேடார்களும் உள்ளன (பேண்ட் என்பது அலைநீள வகை, கீழே விளக்குகிறேன்). ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை வானத்தை அடுக்கடுக்காகச் சுற்றிப் பார்த்து, எந்த உயரத்தில் எவ்வளவு எதிரொலி, எந்த வேகத்தில் காற்று என்று பதிவு செய்துவிடும். கடலில் பிறந்த மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி ஒரே இடத்தின் மேல் வந்து கொட்டியதா, அல்லது ஒரே மேகம் நகராமல் நின்று பெய்ததா? 24 மணி நேரக் கூட்டுத்தொகையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வடிகால் திட்டமிடுபவருக்கு இரண்டும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது ரேடார் மட்டுமே.

ஆனால் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். ரேடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையை அளக்கிறது. அந்த எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாவது அடுக்கில் கூடும். 3 மி.மீ. துளி ஒன்றில் இருப்பது 1 மி.மீ. துளிகள் 27-இன் தண்ணீர். ஆனால் அது கொடுக்கும் எதிரொலி 729 சிறு துளிகளுக்குச் சமம்! ஆகவே பெரிய துளிகள் கொஞ்சமாக இருக்கும் இடிமழையும், நடுத்தரத் துளிகள் ஏராளமாக இருக்கும் பருவமழையும் திரையில் ஒரே நிறத்தில் தெரியலாம்.

இதை எண்ணில் பார்த்தால் அதிர்ச்சியாகவே இருக்கும். திரையில் 50 டிபிஇசட் (எதிரொலியின் வலிமையைக் குறிக்கும் அலகு) காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1948-இல் மார்ஷலும் பால்மரும் தந்த சூத்திரப்படி அது மணிக்கு 49 மி.மீ. மழை. வெப்பமண்டல மழைக்கென்று அமெரிக்க ரேடார்களில் பயன்படுத்தும் சூத்திரப்படி மணிக்கு 147 மி.மீ. ஒரே எதிரொலி, மூன்று மடங்கு வித்தியாசம்! எந்தச் சூத்திரத்தை, ஏன் எடுத்தேன் என்று எழுதாத ரேடார் ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

தூரம் அடுத்த பிரச்சினை. ரேடார் அரை டிகிரி சாய்வில் அனுப்பும் அலைக் கற்றை 100 கி.மீ. தள்ளிப் போகும்போது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். 200 கி.மீ. தள்ளி 4 கி.மீ.க்கும் மேல். 1 டிகிரி அகலக் கற்றை 100 கி.மீ.யில் 1.7 கி.மீ. பருமனாக விரிந்துவிடும். நம் பக்கத்தில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் பனி உருகி நீராகும். அந்த உருகும் அடுக்கில் கற்றை பட்டால் எதிரொலி வீங்கும், மழை கூடுதலாகத் தெரியும். என் கணக்கில் அளவு சொல்ல ரேடாரிலிருந்து 100 கி.மீ. வரை நம்பலாம். அதைத் தாண்டினால் புயலின் உருவத்தையும் போக்கையும் மட்டும் பார்ப்பது நல்லது.

மலை குறுக்கே நின்றால் தூரக் கணக்கும் உதவாது. காயல்பட்டினத்தையே பாருங்கள். திருவனந்தபுரம் ரேடாரிலிருந்து 130 கி.மீ. தான். ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. அகத்தியர் மலை 1,868 மீட்டர். அந்த மலையருகே தாழ்வான கற்றையின் உயரம் அரை கி.மீ.கூட இருக்காது. காரைக்கால் ரேடாரோ 300 கி.மீ.க்கு அப்பால். ஆகவே அந்த 95 செ.மீ. மழையை ரேடாரை மட்டும் நம்பி ஆராய முடியாது. உங்கள் ஊர் எந்த ரேடாருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகே தலைப்பை முடிவு செய்யுங்கள்.

### எந்த பேண்ட்?

எஸ்-பேண்ட் அலைநீளம் சுமார் 10 செ.மீ., சி-பேண்ட் 5, எக்ஸ்-பேண்ட் 3. அலைநீளம் குறைந்தால் சிறிய ஆண்டெனாவிலேயே நுணுக்கமான படம் கிடைக்கும், விலையும் குறையும். ஆனால் கனமழை அந்த அலையைக் குடித்துவிடும். எக்ஸ்-பேண்ட் படத்தில் ஒரு பெரிய மழைக்குப் பின்னால் வெற்றிடமாகத் தெரிந்தால் அங்கே மழை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் நிற்கும் மழை மறைத்திருக்கலாம். எஸ்-பேண்ட் அலை கனமழையையும் கிட்டத்தட்ட இழப்பில்லாமல் ஊடுருவும். பெருமழை ஆய்வுக்கு என் முதல் தேர்வு எஸ்-பேண்ட். நகருக்குள் 50 கி.மீ. வட்டத்தில் தெருவாரியாகப் பார்க்க எக்ஸ்-பேண்ட். சி-பேண்டில் வைஃபை இடையூறு ஆரக்கால்போல் நீண்ட கோடுகளாகத் தெரியும், அதைக் கழிக்க வேண்டியிருக்கும். இரட்டை முனைவாக்க வசதி (கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரு அலைகளை அனுப்புவது) உள்ள ரேடாராக இருந்தால் துளிகளின் தட்டையான வடிவத்தையும் கண்டுபிடிக்க முடியும். சூத்திரக் குழப்பம் அதில் பெருமளவு குறைகிறது.

### தரவு கையில் வரும்வரை

வானிலைத் துறையின் தளத்தில் ரேடார் படங்களை யாரும் பார்க்கலாம். ஆனால் படம் என்பது தரவு ஆகாது. ‘மேக்ஸ் இசட்’ என்று வருவது அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்திலாவது கிடைத்த மிகப் பெரிய எதிரொலி. தரையில் விழும் மழை அதைவிடக் குறைவாக இருக்கலாம். பழைய படங்களும் அங்கே தங்காது, நீங்களே அவ்வப்போது சேமித்து வைக்க வேண்டும். மூலத் தரவு வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், கட்டணமும் வரலாம். இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்துகொண்டால் சில ரேடார் தரவுகள் கிடைக்கும்.

கையில் வந்த பிறகுதான் உண்மையான உழைப்பு. மழையே இல்லாத இரவில் கடல்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய திட்டு ஒன்று தெரியும். காற்றின் வெப்ப அடுக்குகள் கற்றையைக் கீழே வளைத்து, கடல் அலையிலேயே பட்டுத் திரும்பியிருக்கும். கட்டடங்கள் நிரந்தரமாக ஒரே இடத்தில் மின்னிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கழிக்காமல் 24 மணி நேரத்தைக் கூட்டினால், மழை பெய்யாத இடத்தில் 10 செ.மீ. வந்து நிற்கும். ரேடாரின் அளவுத்திருத்தம் 3 டெசிபல் பிசகினால் மழை அளவு ஒன்றரை மடங்குக்கும் மேல் மாறும். நான் முதன்முதலில் ஒரு புயலின் தரவைச் சுத்தம் செய்தபோது ஆறு வாரம் ஆனது. அதில் ஒரு வாரம், ரேடார் கோப்பின் உலக நேரத்தையும் மானியின் இந்திய நேரத்தையும் பொருத்தாமல் விட்டதால் போனது. 8.30 என்பது உலக நேரப்படி 3.00. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நம் தரவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அமெரிக்காவின் நெக்ஸ்ராட் தரவை எடுத்துப் பழகலாம். சுமார் 160 எஸ்-பேண்ட் ரேடார்களின் மூலத் தரவு 1990-களிலிருந்து திறந்தே கிடக்கிறது, இலவசம். 2017-இல் ஹார்வி புயல் டெக்சாஸின் நெடர்லாண்ட் என்ற ஊரில் மொத்தம் 1,539 மி.மீ. கொட்டியது. அந்த நாட்களின் ஹூஸ்டன் ரேடார் தரவை பை-ஆர்ட் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். பெருமழையின் உடற்கூறு பிடிபட்டுவிடும்.

## செயற்கைக்கோள்

கைக்கு மிக எளிதாக வருவது இது. நாசாவும் ஜப்பானின் ஜாக்சாவும் 2014-இல் ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோளை மையமாக வைத்து, பல செயற்கைக்கோள்களின் தரவை இணைத்துத் தரும் ‘ஐமெர்க்’ அரை மணிக்கு ஒரு முறை, 0.1 டிகிரிக் கட்டத்தில் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. இருபது ஆண்டுக்கும் மேலான கணக்கு இருக்கிறது. கடலும் மலையும் எல்லைக் கோடும் இதற்குத் தடையில்லை. வங்கக் கடலில் நிற்கும் புயலின் மழைப்பட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் ரேடார் எட்டாத தூரத்தில் இதுதான் துணை.

ஒரு கட்டம் நம் பக்கத்தில் ஏறக்குறைய 11 கி.மீ. சதுரம், அதாவது 120 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சி முழுவதுக்கும் மூன்று நான்கு கட்டம்தான் தேறும். தெருவைப் பற்றி அதில் கேட்கவே கூடாது. நுண்ணலைக் கருவி கொண்ட செயற்கைக்கோள் தலைக்கு மேல் வராத நேரங்களில், மேக உச்சியின் குளிர்ச்சியையும் மேகங்களின் நகர்வையும் வைத்து இடைவெளியை நிரப்புகிறார்கள். மலைச்சரிவில் தாழ்வான, அவ்வளவு குளிராத மேகம் விடாமல் பெய்தால் அது பெரும்பாலும் தப்பிவிடும். உச்ச மழையின் அளவும் பொதுவாகக் குறைந்தே வரும்.

மறைசெலவு இரண்டு. உடனடிப் பதிப்பு சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் மழைமானிகளோடு சரிபார்த்த இறுதிப் பதிப்புக்கு மூன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஐமெர்க்கின் நாள்வாரிக் கோப்பு உலக நேர நள்ளிரவில் தொடங்கும், நமக்கு அது காலை 5.30. மானியின் நாளோ 8.30-க்குத் தொடங்குகிறது. அதிகாலையில் கொட்டிய மழை இந்த மூன்று மணி நேரத்தில் தேதி மாறிவிடும். நாள்வாரிக் கோப்பை விட்டுவிட்டு அரை மணிக் கோப்புகள் 48-ஐ எடுத்து நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரா-5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவையும் (பழைய அளவீடுகளைக் கணினி வானிலை மாதிரியோடு கலந்து உருவாக்குவது) சிலர் கேட்பதுண்டு. அது 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது. காற்று, ஈரப்பதம், அழுத்தம் பார்க்க அருமையானது. உச்ச மழையின் அளவுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | மழைமானி | ரேடார் | செயற்கைக்கோள் (ஐமெர்க்) |
|---|---|---|---|
| தரையில் அளவு | நேரடி, உச்சத்தில் சற்றுக் குறையும் | சூத்திரத்தைப் பொறுத்தது | மறைமுகம், உச்சம் மழுங்கும் |
| இடம் | ஒரு புள்ளி | 1 கி.மீ. அளவில் | சுமார் 11 கி.மீ. |
| நேரம் | 24 மணி, தானியங்கி என்றால் நிமிடங்கள் | சுமார் 10 நிமிடம் | 30 நிமிடம் |
| நீண்ட காலக் கணக்கு | நூறு ஆண்டுக்கு மேல் | ஒரு சில புயல்களுக்கே | இருபது ஆண்டுக்கு மேல் |
| கிடைப்பது | கட்டத் தரவு எளிது, நிலையத் தரவு கடினம் | விண்ணப்பம், காத்திருப்பு | உடனே, இலவசம் |
| சுத்தம் செய்ய | சில நாள் | பல வாரம் | ஓரிரு நாள் |

## யாருக்கு எது

முப்பது ஆண்டுப் போக்கைப் பார்க்கிறீர்களா? மழைமானிதான், யோசிக்கவே வேண்டாம். கடலோரப் புயல் ஒன்று கரையேறும்வரை என்ன செய்தது என்று பார்க்க, செயற்கைக்கோளில் தொடங்கி ரேடார் எல்லைக்குள் வந்ததும் ரேடாருக்கு மாறுங்கள். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய இளநிலைப் புராஜெக்ட் என்றால் ரேடார் மூலத் தரவை நம்பி இறங்காதீர்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். ஐமெர்க்கையும் நிலையங்களையும் ஒப்பிட்டே நல்ல வேலை செய்யலாம்.

நகரத்தில் பெய்த ஒரு பெருமழையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க, கையில் ஆறு மாதமாவது இருந்தால், ரேடாரையும் மானிகளையும் சேர்த்தே எடுங்கள். ரேடார் மழையின் உருவத்தைத் தரும், மானிகள் அதன் அளவைத் திருத்தும். மானி இருக்கும் இடங்களில் மானி சொன்னதை ரேடார் சொன்னதால் வகுத்து, வரும் விகிதத்தால் ரேடார் தரவைப் பெருக்கித் திருத்துவதே எளிய முறை. சில மானிகளை மட்டும் திருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள், கடைசியில் சரிபார்க்க அவை வேண்டும். 2015 மழையில் நுங்கம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்ற கேள்விக்கு இந்த வழியில்தான் ஒழுங்கான பதில் கிடைக்கும்.

குடியிருப்போர் சங்கத்துக்காரர்களுக்கு: உங்களுக்கு இந்த மூன்றில் எதையும் வாங்கிச் சுத்தம் செய்ய நேரமிருக்காது. மொட்டை மாடியில், மரமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் 8.30-க்கு அளந்து எழுதுங்கள். கொட்டுகிற நாளில் மட்டும் கால் மணிக்கு ஒரு முறை அளவைக் குறித்துக்கொண்டு, அதே நேரத்தில் வானிலைத் துறையின் ரேடார் படத்தையும் நேரத்தோடு சேமித்து வையுங்கள். பக்கத்துத் தெருக்களில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த ஐப்பசி கார்த்திகைக்குள்ளேயே உங்கள் வார்டுப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டும் அளவுக்கு ஒரு கணக்கு கையில் இருக்கும்.